எச்சரிக்கை வேண்டாம்

குற்றாலிங்கம் ஓய்வு பெற்ற பிறகுதான் மாணவரானார். அதுவரை பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். பாளையங்கோட்டையில் சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடியறை. அங்கே சின்னச் சின்ன இயந்திரங்களுக்கு நிரல் எழுதித் தரும் ஹெப்சிபா டீச்சரிடம் வேலை பழகினார். டீச்சர் அவர் மகளைவிடச் சில வயதுதான் மூத்தவர். ஆனாலும் அவருக்கு டீச்சர்தான். டீச்சருக்கு அவர் அண்ணாச்சி.

வாத்து வளர்க்கும் மாரித்தங்கம் முட்டை பொரிக்க ஒரு பெட்டி கேட்டிருந்தாள். சூடு குறைந்தால் விளக்கைப் போட வேண்டும், கூடினால் அணைக்க வேண்டும், எவ்வளவு என்று முகப்பில் காட்ட வேண்டும். அந்த நிரலை டீச்சர் குற்றாலிங்கத்திடம் ஒப்படைத்தார்.

நிரல் ஓட ஓட நினைவகத்தில் இடம் பிடித்துக்கொண்டே போகும். வேலை முடிந்த இடங்களைக் கூட்டித் திரும்பக் கொடுக்கவென்றே ஏற்கெனவே எழுதி வைத்த ஓர் ஆயத்த நிரல், லைப்ரரி, உண்டு. கார்பேஜ் கலெக்டர் என்பார்கள். அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் கம்பைல் செய்யும்போதே, அதாவது எழுதியதை இயந்திரம் ஓட்டும் வடிவுக்கு மாற்றும்போதே, சொல்லிவிட வேண்டும். எவ்வளவு இடம், எப்போது கூட்டுவது, வாய் திறக்கலாமா கூடாதா, எல்லாம் அப்போதே. பிறகு அது அப்படித்தான்.

முதல் ஓட்டத்திலேயே திரை நிறைய ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. ‘பெரிய இடம் கேட்கப்படுகிறது. இடம் தீர்ந்துபோகலாம்.’

"என்ன டீச்சர் இது, ஓயாம முணுமுணுன்னு! வேலையப் பாத்தமா, வாய மூடிட்டு இருந்தமான்னு இல்ல."

"என்ன சொல்லுதுன்னு பாருங்க அண்ணாச்சி."

"எங்க வீட்டுல இதெல்லாம் நடக்காது. எம் மவ உலகம்மை சின்னப்புள்ளையில அழுதுட்டு வந்தா, அழுது முடிச்சுட்டு வான்னு வெளிய அனுப்பிருவேன். கட்டிக் குடுத்து இத்தன வருசமாச்சு. ஒரு குறை சொன்னதில்ல தெரியுமா?"

"பொங்கலுக்கு வந்திருந்தாளே. மெலிஞ்சு போயிருந்தா."

"கேட்டேனே. நல்லா இருக்கேம்ப்பான்னுட்டா."

டீச்சர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாள் ஒரு மாத வேலையாக மதுரைக்குப் போனார்.

அவர் இல்லாத நேரத்தில் குற்றாலிங்கம் லைப்ரரியின் விருப்பத் தெரிவுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். எச்சரிக்கை வேண்டாம் என்று ஒரு தெரிவு இருந்தது. அதைப் போட்டுக் கம்பைல் செய்தார். திரை துடைத்துவிட்டதுபோல் ஆனது. மனநிறைவோடு பெட்டியை மாரித்தங்கத்திடம் கொடுத்தனுப்பினார்.

டீச்சர் திரும்பி வந்த வாரமே பெட்டியும் திரும்பி வந்தது. மாரித்தங்கம் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நம்பரு சரியாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி. காலையில பாத்தா முப்பத்தேழரை. சாயந்திரம் பாத்தா முப்பத்தேழரை. கைய விட்டுப் பாத்தா முட்டையெல்லாம் சில்லுன்னு கெடக்கு."

துண்டை அவிழ்த்து மேசைமேல் போட்டாள்.

"முந்தின நாளுதான் உள்ள இருந்து கொத்துத சத்தம் கேட்டுச்சு. எம் புள்ளைய எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்."

பெட்டிக்குள்ளிருந்து ஒரு முட்டையை எடுத்து மேசைமேல் உருளாமல் வைத்தாள். வெள்ளை ஓட்டில் மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"வேற செஞ்சு தாரோம்மா" என்றார் குற்றாலிங்கம்.

"செய்யுங்க அண்ணாச்சி. இந்தத் தடவ வாத்தே உக்காரட்டும்."

அவள் படியிறங்கிப் போன பிறகு டீச்சர் பெட்டியைத் திறந்து கணினியோடு இணைத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இடம் தீந்துபோச்சு. நிரல் நின்னுட்டு. கடைசியாக் காட்டின நம்பரு அப்படியே முகப்புல நின்னுபோச்சு."

"சாகப் போற நேரத்துலயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, டீச்சர்?"

டீச்சர் விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினார்.

"முதல்ல நீங்க கம்பைல் பண்ணினது இங்க இருக்கு. அதுக்குள்ள ‘தீர்ந்துபோகலாம்’னு தேடுங்க."

தேடினார். இருந்தது.

"இப்பம் பெட்டிக்குள்ள இருக்கதுல தேடுங்க."

தேடினார். இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினார்.

"எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். சொல்லாம உள்ளயே அடக்கி வச்சிருக்கும்."

"இல்ல அண்ணாச்சி. பேசாதன்னு சொல்லிக் கம்பைல் பண்ணினா, பேசுத பகுதியே உள்ள வராது. அடக்கி வைக்கதுக்கும் அங்க ஒண்ணும் கெடையாது."

குற்றாலிங்கம் முட்டையைப் பார்த்தார். தொடப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். கீழே கடையில் யாரோ சக்கரத்தைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா, இந்த நேரத்துல?"

"சும்மாத்தான் உலகு. எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேம்ப்பா."

"ஏதாவது இருந்தா சொல்லு. அப்பா ஏச மாட்டேன்."

அந்தப் பக்கம் எதுவோ விழுந்து உடைந்தது. ஓர் ஆண் குரல் ஓங்கியது. அவள் மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது.

"உலகு?"

"நல்லா இருக்கேம்ப்பா" என்றாள். அதே குரல், கொஞ்சமும் ஏறவில்லை, இறங்கவில்லை. "அடுப்புல பால் இருக்கு. வச்சிரட்டா?"

வைத்துவிட்டாள்.

சக்கரம் தட்டும் சத்தம் நிற்கும்வரை அவர் படியில் நின்றார். பிறகு உள்ளே வந்து வாசலருகிலேயே நின்றுகொண்டார். போன் இன்னும் கையில் இருந்தது.

"டீச்சர். கம்பைல் பண்ணி முடிச்சதுக்கு அப்புறம் மாத்தவே முடியாதா?"

டீச்சர் அவர் கையைப் பார்த்தார். முட்டையை எடுத்துத் துண்டின் நடுவில் வைத்து, நான்கு முனைகளையும் மெதுவாக மடித்தார்.

"பெட்டிய மறுபடி முதல்லேர்ந்து பண்ணிரலாம், அண்ணாச்சி."