மணிக்கான இரண்டு வரிகள்

அர்த்தநாரி தம் அறுபத்து மூன்றாம் வயதில் ஒரு குருவைத் தேடிக்கொண்டார். குருவின் பெயர் கோகிலவாணி. வயது இருபத்தொன்பது.

அர்த்தநாரி எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். நாற்பத்தோரு வருடம் வயரிங் வேலை. கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் முட்டைகளை அடைகாக்கும் பெட்டிகளுக்குக் கம்பி இழுத்தது அவர்தான். அந்தப் பெட்டிகளை நடத்தும் சிறு மின்னணுச் சில்லுக்கு சி என்னும் கணினி மொழியில் கட்டளை எழுத கோகிலவாணி வந்தபோது, "இதை நானும் படிக்கலாமுங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியைக் கேட்க அவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

"உக்காருங்க ஐயா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் கோகிலவாணி. அன்றிலிருந்து அவர் டீச்சர்.

சில்லின் ஒரு பக்கத்தில் எட்டுக் கால்கள். அதற்கு போர்ட் என்று பெயர். பூஜ்யத்தில் தொடங்கி எண்ண வேண்டும். பூஜ்யம் ஹீட்டர், ஒன்று உள்ளே காற்றைச் சுற்றவிடும் காத்தாடி, ஆறாவது ஒவ்வொரு மணி நேரமும் அடிக்கும் அழைப்பு மணி. மற்றவற்றுக்கும் ஆளுக்கொரு வேலை. எட்டுக்கும் சேர்த்து எட்டு இலக்கத்தில் ஒரே எண். அதில் ஒரு காலுக்குரிய இடத்தில் ஒன்று இருந்தால் அந்தக் கால் ஓடும், பூஜ்யம் இருந்தால் நிற்கும்.

எட்டு மாதம் படித்தார். படித்ததை நோட்டில் எழுதி வைத்தார். ஓர் எழுத்து பிசகினாலும் தாளைக் கிழித்துவிட்டு முழுப் பக்கத்தையும் திரும்ப எழுதுவார். மூன்றாம் எண் பெட்டிக்கான கட்டளை முழுக்க அவரே எழுதியது. இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். முதல் வரியில் அவர் பெயர் இருந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குப் பெட்டியை அவருடைய கட்டளைக்கு மாற்றினார்கள். பத்து மணிக்கு முதல் மணி அடித்தது. மூன்று நொடி. சரியாக நின்றது. அர்த்தநாரி யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டார்.

பத்து பன்னிரண்டுக்கு, தட்டுகளைப் பார்க்க வந்த வேலைக்காரி சரசு சத்தம் போட்டாள்.

"ஏனுங்க, உள்ள காத்தாடி சும்மா நிக்குதுங்க!"

உள்ளே மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது முட்டைகள். பதினோராம் நாள். ஹீட்டர் மட்டும், சூடு குறையும்போதெல்லாம் தானே மறுபடி பற்றிக்கொள்ளும் கட்டளையால், எரிந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டைப் பரப்பக் காற்று இல்லை. மேல்தட்டில் முப்பத்தொன்பது புள்ளி நான்கு டிகிரி; முப்பத்தேழரைதான் இருக்க வேண்டும். அர்த்தநாரி ஓடிப்போய்க் கைச்சுவிட்சைப் போட்டார். காத்தாடி சுற்றியது.

முதலாளி வந்தார். டீச்சருக்குப் போன் போட்டார்.

"அம்மணி, உடனே வாங்க. அவரு எழுதுனதை எல்லாம் அழிச்சுப்போட்டு நீங்களே எழுதுங்க. பெரியவரு கம்பி இழுத்தாப் போதும். இந்த வயசுல அவருக்கு எதுக்கு கம்ப்யூட்டரு?"

அர்த்தநாரி பக்கத்தில்தான் நின்றார்.

டீச்சர் பதினைந்து நிமிடத்தில் வந்துவிட்டார். முதலில் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. மேல்தட்டு முட்டைகளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். நானூற்றெண்பது முட்டைகள். கரு பிடிக்காதவை பதினொன்று என்று சனிக்கிழமையே பென்சிலால் குறித்திருந்தார்கள். அர்த்தநாரியும் சரசும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மற்ற அத்தனையிலும் செந்நரம்பு தெரிந்தது. உள்ளே கரு அசைந்தது.

"பதினொண்ணுதானுங்க. கூடலை" என்றார் அர்த்தநாரி. இன்னொரு முறை சொன்னார்.

அதன் பிறகே டீச்சர் திரையைத் திறந்தார்.

"மணி வரியில சமக்குறிக்கு முன்னாடி ஒரு நெட்டுக்கோடு போடச் சொன்னேனே, எங்கீங்க ஐயா?"

"எடுத்துட்டேனுங்க. மேசையில வச்சுப் பார்த்தேன். கோடு இருந்தாலும் அடிச்சுது, இல்லாட்டியும் அடிச்சுது. தேவையில்லாதது எதுக்குன்னு…"

"மேசையில எத்தனை கம்பி மாட்டியிருந்தீங்க?"

"ஒண்ணு. மணி மட்டும்." நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்: "டீச்சர், நான் மணியைத்தானே சொன்னேன்? காத்தாடியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே?"

டீச்சர் எட்டுக் குழி உள்ள ஓர் அட்டையை எடுத்து, எட்டு முட்டைகளை வைத்தார்.

"ஆறாவதைத் திருப்பி வைங்க."

அர்த்தநாரி பூஜ்யத்திலிருந்து எண்ணினார். இரண்டு விரலால் ஆறாவதைத் திருப்பினார். பக்கத்து முட்டைகள் அசையவில்லை.

"கோடு போட்டா இது" என்றார் டீச்சர்.

பிறகு வேறோர் அட்டையை எடுத்து, ஆறாவது குழியில் மட்டும் ஒரு முட்டை வைத்தார். முதல் அட்டையை நகர்த்திவிட்டு, அது இருந்த இடத்தில் இதை வைத்தார்.

"நீங்க எழுதுனது இது. ஆறாவது இருக்குதா?"

"இருக்குது. மத்த ஏழு?"

"அதைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே ஐயா."

சரசு வாயைப் பொத்திக்கொண்டாள். அர்த்தநாரி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அணைக்கிறப்ப? வெறும் பூஜ்யம்னு எழுதிட்டேனுங்களே?" என்று மெல்லக் கேட்டார்.

"அணைக்கிறப்ப இன்னும் கவனம் வேணும். அணையக் கூடாத ஏழையும் முதல்ல கையில பிடிச்சுக்கணும். அப்புறம் அந்த ஒண்ணை விடணும்."

"என்னம்மணி, அழிச்சாச்சா?" என்று முதலாளி வெளியிலிருந்து கேட்டார்.

டீச்சர் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். அர்த்தநாரியால் பார்க்க முடியவில்லை. கதவுக்கு வெளியே போய், நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். விசை தட்டும் சத்தத்தை எண்ணினார். பத்து. அதோடு நின்றுவிட்டது.

டீச்சர் கைச்சுவிட்சை அணைத்த பிறகு, பதினொரு மணிக்கு மணி அடித்தது. மூன்று நொடி. நின்றது. காத்தாடி ஓடிக்கொண்டே இருந்தது.

"அதுக்குள்ள எழுதிட்டீங்களா? எத்தனை வரி?" என்றார் முதலாளி.

"இருநூத்திப் பன்னெண்டுங்க."

"அடேயப்பா! படிச்சவங்க படிச்சவங்கதான்" என்று போய்விட்டார்.

அர்த்தநாரி உள்ளே வந்தார். நோட்டை விரித்து, திரையோடு வரி வரியாக ஒப்பிட்டார். முதல் வரியில் அவர் பெயர் அப்படியே இருந்தது. மணியை அடிக்கும் வரி மாறியிருந்தது. மணியை நிறுத்தும் வரி மாறியிருந்தது. கடைசி வரை போய், திரும்ப முதலிலிருந்து எண்ணினார். இரண்டுதான்.

"எல்லாத்தையும் அழிக்கச் சொன்னாருங்களே, டீச்சர்."

டீச்சர் ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"தப்பா இருந்தது ரெண்டு வரிதானுங்க ஐயா. மத்த இருநூத்திப் பத்தையும் கையில பிடிச்சுக்கிட்டேன்."

அர்த்தநாரி நோட்டைப் பார்த்தார். பழக்கத்தில் அவர் கை நோட்டுத் தாளின் ஓரத்தைப் பிடித்திருந்தது. கிழிக்கவில்லை. அந்த இரண்டு வரிகளை மட்டும் மெல்லிய கோடு போட்டு அடித்து, பக்கத்தில் திருத்தி எழுதினார்.