வெள்ளத்தாயின் நாற்பத்தொரு நிமிடம்

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை. அதில் கேமராக்கள் இருநூற்றுப் பன்னிரண்டு. ஜன்னல்கள் அதைவிடக் குறைவு.

அத்தனை கேமராவும் பார்ப்பதை ஒரே திரையில் கூட்டி, யார் எங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்று தானே எண்ணிச் சொல்லும் ஒரு மென்பொருளை ஆலை வாங்கியது. அதை நிறுவ வந்தவள் ரெஹானா. வயது முப்பத்தொன்று. அவளிடம் வேலை கற்றுக்கொள்ள ஆலை அனுப்பியது சவரிமுத்துவை. வயது ஐம்பத்துமூன்று. நல்ல உயரம். ஆலைக் கேட்டில் இருபத்திரண்டு வருடம் வாட்ச்மேனாக நின்றவர். கேமரா வந்ததும் மற்ற வாட்ச்மேன்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவர் கொஞ்சம் ஆங்கிலம் வாசிப்பார், அதனால் தப்பினார்.

குரு சின்னவள், சீடர் பெரியவர். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். இதில் இருவருக்கும் கூச்சம் இல்லை.

சவரிமுத்து கெட்டிக்காரர்தான். பிரவுசரைத் திறந்து பாஸ்வேர்டு போடுவது, புதுக் கேமராவுக்கு எண் கொடுத்துச் சேர்ப்பது, யாருக்கு எந்தக் கேமரா தெரியலாம் என்று பிரித்துக் கொடுப்பது எல்லாம் ஒரே மாதத்தில் கைவந்துவிட்டது. திரையின் மூலையில் ‘அட்மின்: சவரிமுத்து’ என்று வரும். அதைப் போனில் படம் பிடித்துக் கொண்டுபோய் வீட்டில் காட்டினார். வயதுக்கேற்ற ஆசையா என்று கேட்டால் இல்லைதான். ஆனால் இருபத்திரண்டு வருடமாக அவர் பெயரை எந்த மூலையிலும் யாரும் எழுதியதில்லை.

ஒருநாள் பெர்சனல் ஆபீசர் கோதண்டம் வந்தார்.

“ஸ்பின்னிங்ல பாத்ரூம் போற வழியில கூட்டம் போட்டுப் பேசுறாளுக. அந்த எடத்துக்கு ஒரு கட்டம் போட்டு விடும். ஒரு ஷிப்டுக்கு இருபது நிமிஷத்துக்கு மேல அதுக்குள்ள யார் நின்னாலும் எனக்கு லிஸ்ட் வரணும்.”

இது பெரிய வித்தை இல்லை. கேமராவில் தெரியும் படத்தின்மேல் நாலு மூலையைத் தொட்டால் கட்டம் விழுந்துவிடும். அதற்கப்புறம் மென்பொருள் ஒரு கேள்வி கேட்கும். ஆளின் பாதம் கட்டத்துக்குள் இருந்தால்தான் கணக்கா, உடம்பில் எந்தப் பகுதி கட்டத்தைத் தொட்டாலும் கணக்கா?

சவரிமுத்து யோசிக்கவே இல்லை. எந்தப் பகுதி தொட்டாலும் என்று போட்டார். வாட்ச்மேன் புத்தி. கேட்டுக்குள் கை நுழைந்தாலே ஆள் நுழைந்த மாதிரிதான்.

லிஸ்ட் வாராவாரம் தானாகக் கோதண்டத்துக்குப் போனது. மூன்று வாரமும் முதல் பெயர் ஒன்றேதான். சிவப்பு எழுத்தில் வெள்ளத்தாய். ஒரு ஷிப்டுக்கு நாற்பத்தொரு நிமிடம்.

வெள்ளத்தாய் பத்தொன்பது வருடமாகக் கடைசி பிரேமில், அதாவது கடைசி நூற்பு எந்திரத்தில், அறுந்த இழையை ஒட்டுகிறவள். அந்த பிரேமுக்குப் பின்னால்தான் பாத்ரூம் வழி. நல்ல உயரம். பேச்சு குறைவு. ஷிப்ட் முடிந்து போகும்போது அவள் சோற்றுப் பையைப் பிரித்துப் பார்ப்பது சவரிமுத்துவின் வேலையாக இருந்தது. இத்தனை வருடத்தில் அதில் தூக்குச்சட்டியைத் தவிர வேறெதையும் அவர் கண்டதில்லை. லிஸ்டில் அவள் பெயரைப் பார்த்தபோது, ‘இவளுமா?’ என்று நினைத்தார். நினைத்ததோடு சரி.

செவ்வாய்க்கிழமை விசாரணை. பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனவர் அவரே.

கோதண்டம் படத்தை மேஜையில் வைத்தார். “இது யாரு?”

“நான்தான் சார்.”

“சிவப்புக் கட்டத்துக்குள்ள இருக்கியா, இல்லையா?”

வெள்ளத்தாய் குனிந்து பார்த்தாள். “இருக்கேன்.”

“நாப்பத்தொரு நிமிஷம்.”

“நான் அங்கன நின்ன மாதிரி நெனப்பு இல்லையே சார்.”

“அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?”

அவள் சவரிமுத்துவைப் பார்த்தாள். அவர் கையில் இருந்த பேப்பரைப் பார்த்தார்.

“கம்ப்யூட்டரே சொல்லுதுன்னா நின்னுருப்பேன் போல சார்” என்றாள். கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை வேலை நீக்க உத்தரவு என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை சவரிமுத்துவின் திரையில் மணி அடித்தது. கடைசி பிரேமுக்கு மாற்றிவிட்டிருந்த புதுப் பெண்ணின் பெயர் சிவப்பாகியிருந்தது. அவளும் உயரம். அவர் அந்தக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தார். அந்தப் பெண் எங்கேயும் போகவில்லை. பிரேம் முன்னால் நின்று இழை ஒட்டிக்கொண்டிருந்தாள். கேமரா மேலிருந்து சாய்வாகப் பார்ப்பதால், பாதம் பிரேம் பக்கத்தில் இருக்க, தலை மட்டும் பின்னால் இருந்த கட்டத்தின்மேல் விழுந்தது. அவள் அந்த முனைக்கு வேலையாக வரும்போதெல்லாம் நிமிடம் ஏறியது. குள்ளமானவர்களுக்கு இந்த வில்லங்கம் இல்லை.

ஆக, அந்த முனையையும் விடாமல் வேலை பார்த்தவள்தான் வேலை பார்க்காதவள் என்று எழுதப்பட்டாள்.

சவரிமுத்து செட்டிங்கை ‘பாதம் மட்டும்’ என்று மாற்றினார். அரை நிமிட வேலை. மாற்றியதை யாரிடமும் சொல்லவில்லை. எழுந்துபோய் ஒரு டீ குடித்தார். பிறகு நேராக ரெஹானாவின் அறைக்குப் போய் நடந்ததை அவளிடம் மட்டும் சொன்னார்.



“ஒண்ணுதான் மேடம் புரியல” என்றார் கடைசியில். “செய்யாத தப்ப ஒருத்தி ஏன் ஒத்துக்கணும்? நான் நிக்கவே இல்லன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா, நான் அன்னைக்கே கேமராவப் பாத்திருப்பேன்ல?”

கேள்வியைப் பாருங்கள். பழியைத் தூக்கி நைசாக வெள்ளத்தாய் தலையிலேயே வைத்துவிட்டார். அது அவருக்கே தெரியாது என்று சொல்லவும் முடியாது.

ரெஹானா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

“கட்டத்தச் சரி பண்ணிட்டீங்கள்ல?”

“பண்ணிட்டேன் மேடம். இப்ப பக்கா.”

“அப்ப டெஸ்ட் பண்ணிப் பாத்துருவோம். சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்றேன். நீங்க போய் அந்தப் பொண்ணுக்குப் பதிலா ஒரு மணி நேரம் கடைசி பிரேம்ல நில்லுங்க.”

“எனக்கு இழை ஒட்டத் தெரியாதே.”

“பஞ்சு தொடைக்கத் தெரியும்ல? அந்த முனையில தொடைங்க. நிக்காம செய்யுங்க.”

அவர் போனார். ஒரு மணி நேரம் துடைத்தார். துடைத்த இடத்திலேயே மறுபடி பஞ்சு வந்து உட்கார்ந்தது. காது அடைத்தது, மூக்கில் பஞ்சு ஏறியது, முதுகு பிடித்துக்கொண்டது. வாட்ச்மேன் நாற்காலியைப் பற்றி இவ்வளவு நாள் தான் அங்கலாய்த்தது அநியாயம் என்று அவருக்குத் தோன்றியது. ஒருமுறை தண்ணீர் குடித்தார். பக்கத்து பிரேம்காரி, “என்ன சவரியண்ணே, உங்களையும் இங்க தள்ளிட்டாங்களா?” என்று கத்தினாள். அவளுக்கு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மறுபடி துடைத்தார்.

திரும்பி வந்தபோது மேஜைமேல் ஒரு பிரிண்ட் கிடந்தது. சவரிமுத்து, இருபத்தாறு நிமிடம். கீழே படம். அவருடைய வழுக்கைத் தலை சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தது.

“இது யாருண்ணே?”

“நான்தான் மேடம்.”

“நிக்காம செய்யச் சொன்னேன்ல?”

“நான் நிக்கலையே…” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். செட்டிங்கைச் சரி செய்தது தன் கையால். அதில் தப்பு வர வழியில்லை. அப்படியென்றால்?

“தண்ணி குடிச்சேன்” என்றார்.

“சரி.”

“ஒரு பொண்ணு ஏதோ கேட்டுச்சு. அதுக்குச் சிரிச்சேன்.”

“அதுக்கு இருபத்தாறு நிமிஷமா?”

சவரிமுத்து படத்தை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதுகு வலித்தபோது நிமிர்ந்தோமே, அது எவ்வளவு நேரம்? அந்தச் சத்தத்தில் நேரம் போனது எங்கே தெரிந்தது?

“ஆயிருக்கும் மேடம்” என்றார் மெதுவாக. “எனக்குத்தான் தெரியாமப் போச்சு. மன்னிச்சுக்கங்க.”

ரெஹானா ஒரு பேனாவை நீட்டினாள். “நின்னேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

அவர் பேனாவை வாங்கினார். மூடியைக் கூடக் கழற்றிவிட்டார்.

“நீங்க அந்தப் பக்கம் போனதும் பழைய செட்டிங்க மறுபடி போட்டேன், இப்ப எடுத்துட்டேன்” என்றாள் ரெஹானா. “நீங்க ஒரு நிமிஷம் கூட நிக்கல. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

பேனா அவர் கையிலேயே இருந்தது. முதலில் வந்தது கோபம். ஒரு சின்னப் பெண் தன்னை இப்படி ஆட்டிவைத்துவிட்டாளே என்ற கோபம். அது அடங்கியதும் அவமானம். அதற்கும் அடியில் இருந்ததை அவர் தொடப் பயந்தார்.

“கோதண்டம் சார்கிட்ட சொன்னா என் வேலை போயிரும் மேடம்” என்றார்.

“போகும். நீங்க போட்ட கட்டத்தச் சரி பாக்காம விட்டவ நான். என் காண்ட்ராக்டும் போகும்.”

“இனிமே யாருக்கும் இப்படி ஆகாது. அதான் சரி பண்ணிட்டோமே.”

“ம்.”

“அந்தம்மா வேற கையெழுத்துப் போட்டுருச்சு. பைல் முடிஞ்சு போச்சு. இப்பப் போயிச் சொன்னா மட்டும்…”

ரெஹானா அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடியைப் போட்டாள்.

“நீங்க நிக்கலன்னு உங்களுக்குச் சொல்ல நான் இருந்தேன், அண்ணே. அவங்க செவ்வாய்க்கிழமையிலேருந்து, தான் நின்னதாவே நம்பிக்கிட்டு வீட்ல உக்காந்திருக்காங்க.”