பொன்னுரங்கத்தின் பேர் நாறிய கதை

கோணங்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அவர்களுக்குப் பொல்லாத கோபம் வரும். ஆனால் கோபப்படலாமா வேண்டாமா என்று கூட்டம் போட்டுப் பேசி முடிப்பதற்குள் சொன்னவர் பஸ் ஏறிப் போயிருப்பார். அதனால் இதுவரை அடிதடி எதுவும் நடந்ததில்லை.

அந்த ஊரில் பொன்னுரங்கம் என்று ஒருவர். தங்கமான மனுஷர். சாயங்காலமானால் மெயின் ரோட்டில் இருக்கும் கடைக்கு மொபெட்டில் நேராகப் போவார். குடித்துவிட்டுத் திரும்பும்போது மட்டும் ரோடு கோணலாகிவிடும். "போகும்போது நேரா இருக்கற ரோடு, வரும்போது எப்படிய்யா வளையும்? கான்ட்ராக்டர் போற பக்கத்தை மட்டும் ஒழுங்காப் போட்டிருக்கான்" என்று அவருக்குத் தீராத வருத்தம். ஒருமுறை குளத்தில் விழுந்தார். ஒருமுறை வைக்கோற்போருக்குள் புகுந்தார். ஒருமுறை தன் வீட்டு அடுப்படிக்குள்ளேயே வண்டியை விட்டுவிட்டார். அன்றைக்குத்தான் அவர் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. மகனுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. அதற்குத் தன் பேரை வைக்க வேண்டும். தாத்தாவின் பேரைத் தாங்குகிறவன்தானே பேரன்? ஆனால் பிள்ளைக்குத் தாத்தா இரண்டு பேர் இருந்தார்கள். மருமகள் செண்பகத்தின் அப்பா அருணகிரி, பக்கத்து ஊர்க்காரர், காபி கூடக் குடிக்காதவர். தன் பேரைத் துவைத்து இஸ்திரி போட்ட மாதிரி வைத்திருந்தார். "உங்க பேருல ஏதாச்சும் குறை வந்துட்டா மறைக்காம சொல்லிருங்க சம்பந்தி. எங்கிட்ட நல்ல பேரு ஒண்ணு தயாரா இருக்கு" என்று வரும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போவார். பொன்னுரங்கத்துக்கு வயிறு எரியும். பேர் வைக்கும் நாள் வெள்ளிக்கிழமை என்று குறித்திருந்தார்கள்.

அந்த வாரத் தொடக்கத்தில்தான் புதிதாக வந்த இன்ஸ்பெக்டரம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். ரேஷன் கடை வாசலில் ஊரைக் கூட்டினார்.

"இனிமே குடிச்சிட்டு வண்டி ஓட்டுறாங்கன்னு யார் மேல புகார் வந்தாலும், அவங்க பேரைப் பெரிய பலகையில எழுதி ஊர் நடுவுல வைங்க. பேர் நாறட்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்தவன் பயப்படுவான்."

ஊர்த்தலைவர் குப்புமுத்து எழுந்து கைகட்டி நின்றார். எதையும் தீர விசாரிக்காமல் செய்ய மாட்டார்.

"எத்தனை நாளைக்குள்ள நாறும்மா?"

"உடனே நாறும்."

"எவ்வளவு தூரத்துக்கு?"

"பத்து ஊருக்கு நாறும்."

பெயிண்டர் தங்கப்பழத்துக்கு ஒரு சந்தேகம். "அம்மா, புகார் வந்ததும் எழுதிடுறோம். அப்புறமா கோர்ட்டுல அந்த ஆளு குடிக்கவே இல்லைன்னு சொல்லிட்டா, நாறின பேரை யாரு கழுவித் தர்றது?"

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அது நல்ல கேள்வியாக இருந்ததால் பதில் சொல்லாமல் ஜீப்பில் ஏறிவிட்டார்.

மறுநாள் சாயங்காலமே முச்சந்தியில் இரண்டு கம்பம் நட்டுப் பலகையைப் பொருத்தினார்கள். தங்கப்பழம் ஏணியில் ஏறி, 'குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள்' என்று தலைப்பு எழுதி முடித்து, கடைசிப் புள்ளியை வைக்கிற நேரம். கோணலான ரோட்டில் பொன்னுரங்கம் வந்தார். கம்பத்தின் மேல் மொபெட் மோதியது. ஏணி சாய்ந்தது. தங்கப்பழம் பெயிண்ட் டப்பாவோடு அவர் மடியில் வந்து விழுந்தார்.

"யாருய்யா அது?"

"நான்தான்ப்பா, பொன்னுரங்கம்."

"இருங்க, எழுதிக்கிறேன். சின்ன ர-வா, பெரிய ற-வா?"

"சின்ன ர. றங்கம்னு எழுதிப்புடாத, கல்யாணப் பத்திரிகையிலயே அப்படிப் போட்டு அசிங்கப்படுத்திட்டாங்க" என்று பொன்னுரங்கம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார். எழுதியதைப் படித்துப் பார்த்து, அழகாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

காலையில் போதை தெளிந்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேர் நாறிவிட்டால் பிள்ளைக்கு எப்படி வைப்பது? விழுந்தடித்துக்கொண்டு முச்சந்திக்கு ஓடினார். அங்கே ஊரே வரிசையாக நின்று பலகையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"நாறுதாய்யா?" என்று கேட்டார் குப்புமுத்து. அவருக்குச் சளி பிடித்திருந்ததால் மற்றவர்கள் மூக்கை நம்பித்தான் ஆட்சி நடத்த வேண்டியிருந்தது.

"லேசா நாறுது தலைவரே. 'பொ' பக்கத்துல கொஞ்சம் தூக்கலா இருக்கு."

"அது என் பெயிண்டு வாசனை" என்றார் தங்கப்பழம், முகம் சிவந்து. "என் பெயிண்டு நாறுதுன்னு எவனாச்சும் சொன்னீங்க, நடக்கறதே வேற."

பொன்னுரங்கம் கம்பத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். "தலைவரே, இன்னும் முழுசா நாறலை. காப்பாத்திக் கொடுங்க. இந்தப் பேரை விட்டா எனக்கு வேற பேரு கிடையாது. வெள்ளிக்கிழமை அந்த அருணகிரி வந்து தன் பேரை எம் பேரன் காதுல ஊதிட்டுப் போயிருவாரு."

அழுகிற மனுஷரைப் பார்க்க எல்லோருக்கும் பாவமாக இருந்தது. கெட்டுப்போகாமல் இருக்க உப்புப் போடலாம் என்றார் ஒருவர். உப்புப் போட்டால் இரும்புக் கம்பம் துருப்பிடிக்கும் என்றார் இன்னொருவர். வீட்டுக்கு எடுத்துப்போய் ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்றால் பலகை உள்ளே போகாது. கடைசியில் குப்புமுத்து தீர்ப்புச் சொன்னார்.

"இன்ஸ்பெக்டரம்மா பேரை எழுதத்தான் சொன்னாக, எழுதியாச்சு. அது பாட்டுக்கு நாறட்டும். நாம பக்கத்துல வாசனைக்கு ஏற்பாடு பண்ணக் கூடாதுன்னு சொல்லலையே?"

உடனே பேருக்குச் சந்தனம் பூசினார்கள். மல்லிகை மாலை போட்டார்கள். கீழே ஊதுபத்தி கொளுத்தி வைத்தார்கள். அந்தப் பக்கமாகப் போன வெளியூர்க்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் அருணகிரி பாலும் பழமும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். பலகையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கோணங்குளத்தில் பேரைப் பலகையில் எழுதுவது என்றால் சாதாரணமில்லை. கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தால்கூட 'உபயம்' என்று அதன் மேல்தான் எழுதுவார்கள். அந்த எழுத்தைத் தாண்டி வெளிச்சம் வெளியே வராது. இங்கேயோ ஆள் உயரப் பலகை, மாலை, சந்தனம், எல்லாம் சம்பந்திக்கு.

"அப்படி என்னய்யா சாதிச்சுட்டாரு?"

"குடிச்சிட்டு வண்டி ஓட்டினாரு" என்றார் தங்கப்பழம் பயபக்தியோடு.

அருணகிரிக்கு மனசு ஆறவில்லை. "அப்ப எம் பேரையும் எழுதுங்க."

"சும்மா எழுத முடியாதுங்க" என்றார் குப்புமுத்து. "முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? ஏதாச்சும் குடிச்சீகளா?"

அருணகிரி வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். "பஸ் ஸ்டாண்டுல பன்னீர் சோடா."

"முழுசுமா?"

"முழுசும்."

"வண்டியில வந்தீகளா?"

"பஸ்ஸுல."

"ஏதாச்சும் ஓட்டினீகளா?"

அருணகிரி யோசித்தார். முகம் மலர்ந்தது. "பழத்துல ஈ மொய்ச்சுது. வர்ற வழியெல்லாம் ஈ ஓட்டிக்கிட்டேதான் வந்தேன்."

குடித்தார், வண்டியில் வந்தார், ஓட்டினார். மூன்றும் பொருந்திவிட்டது. புகார் கொடுக்க ஆள் வேண்டும் என்றதும், அருணகிரி தன் மேலேயே காறித் துப்பாத குறையாகப் புகார் சொன்னார். இரண்டாவது வரியில் அவர் பேர் ஏறியது.

அதற்கப்புறம் ஊரைக் கட்டுப்படுத்த முடியவில்லை. சைக்கிள்கூட இல்லாதவர்கள் அக்கம்பக்கத்தில் மாட்டுவண்டி இரவல் கேட்டார்கள். மோர் குடித்தவர், கஷாயம் குடித்தவர், கோயில் தீர்த்தம் குடித்தவர் எல்லோரும் ஆடு ஓட்டியும் கோழி ஓட்டியும் வரிசையில் நின்றார்கள். மொய் எழுதுகிற மாதிரி, "இன்னைக்கு நான் உங்க மேல குத்தம் சாட்டுறேன். நாளைக்கு நீங்க மறக்காம என் மேல சாட்டணும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துக்கொண்டார்கள். பலகை நிரம்பி வழிந்தது. தன் பேர் வராதவர் வீட்டில் சண்டை நடந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. பொன்னுரங்கம் வீட்டில் இரண்டு தாத்தாவும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். குப்புமுத்து தீர்ப்பளித்தார்: "பலகையில எந்தப் பேரு மொதல்ல இருக்கோ, அதுதான் மொதப் பேரனுக்கு. ரெண்டாவது பேரு அடுத்த பிள்ளைக்கு." அருணகிரியால் மறுக்க முடியவில்லை. ஒரே ஒரு வரி வித்தியாசத்தில் தோற்றுப்போனதை நினைத்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொன்னுரங்கம் குழந்தையின் காதில் மூன்று தடவை தன் பேரைச் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அந்த ஊர் பார்த்ததே இல்லை, அதுவும் குடிக்காமல். வீட்டுப் பெண்களுக்குத்தான் சிக்கல். அவர் சம்சாரம் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார், செண்பகம் மாமனார் பேரைச் சொல்ல மாட்டாள். அதனால் இரண்டு பேரும் அந்தப் பச்சைப் பிள்ளையை "அவுக பால் குடிச்சிட்டாகளா, அவுக தூங்கிட்டாகளா" என்றே பேச ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து முச்சந்தியில் ஜீப் வந்து நின்றது. விசேஷ வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் அங்கே ஓடினார்கள். மாலையும் ஊதுபத்தியுமாக இருந்த பலகையை இன்ஸ்பெக்டரம்மா பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"யார் இந்தப் பொன்னுரங்கம்? கூப்பிடுங்க."

எல்லோரும் பொன்னுரங்கத்தைப் பார்த்தார்கள். அவர் கைகூப்பி முன்னே வந்தார். "நான் இல்லீங்கம்மா. காலை வரைக்கும் நானாத்தான் இருந்தேன். இப்பப் பேரைக் கொடுத்துட்டேன். இனி எனக்குப் பேரே கிடையாது."

"ஆமாம்மா" என்றார் குப்புமுத்து. "மாட்டைத் தானம் கொடுத்தப்புறம் அது யார் கொல்லையில மேஞ்சாலும் நம்மளைக் கேக்க முடியாதுல்ல?"

"அப்போ பொன்னுரங்கம் யாரு?"

"அவுகதான்" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் கை காட்டினார்கள்.

டவுனில் வாங்கிய தள்ளுவண்டியில் செண்பகம் குழந்தையைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தாள். ஊர் அதிர்ந்துபோனது. குடித்த வாய் துடைக்காமல், வண்டியில் வந்து கொண்டிருக்கிறான்!

"ஓட்டுறது அந்தப் பொண்ணுல்ல?" என்றார் ஒருவர்.

"பின்னாடி தள்ளுறது இன்ஜின். முன்னாடி உக்காந்திருக்கறவன்தான் டிரைவர்" என்றார் தங்கப்பழம்.

குப்புமுத்து தானே சோதனையில் இறங்கினார். குழந்தையைத் தூக்கி நிற்க வைத்தார், கால் துவண்டது. பேர் கேட்டார், சொல்லத் தெரியவில்லை. கண் ஓர் இடத்தில் நிலைக்கவில்லை. மறுபடியும் கேட்டதும் அவர் சட்டையை நனைத்துவிட்டு, தோளில் வாந்தி எடுத்து, காரணமே இல்லாமல் சிரித்தது.

"மோசம்மா" என்றார் குப்புமுத்து தலையை ஆட்டி. "முன்னாடி இருந்த பொன்னுரங்கம்கூட இவ்வளவு குடிச்சு நான் பார்த்ததில்லை."

"பிள்ளைக்கு வயசு ரெண்டு வாரம்யா!" என்று இன்ஸ்பெக்டரம்மா கத்தினார்.

"அதைத்தாம்மா நாங்களும் சொல்றோம். இந்த வயசுலயே இப்படி!"

இன்ஸ்பெக்டரம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒரு சொம்பை முழுசாகக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். அவர் தரப்பில் அது பெரிய தப்பு. தங்கப்பழம் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மரியாதையாகப் பக்கத்தில் வந்தார். "அம்மா, உங்க பேரை முழுசாச் சொல்லிட்டீங்கன்னா..." ஜீப் போன வேகத்தில் ஊதுபத்தியெல்லாம் அணைந்துவிட்டது.

குழந்தையிடமிருந்து வண்டியைப் பிடுங்குவதா, பாலைப் பிடுங்குவதா என்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். பாலைப் பிடுங்கிப் பார்த்ததும் கிளம்பிய அழுகை பொறுக்க முடியாமல் வண்டியைப் பிடுங்கிப் பரணில் போட்டார்கள்.

பொன்னுரங்கமாக இருந்தவருக்கோ உடம்பே லேசாகிவிட்டது. பேரே இல்லாத ஆளை எந்தப் பலகையில் எழுத முடியும்? அன்று சாயங்காலம் பயமே இல்லாமல் மொபெட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். ரோடு வழக்கம்போல வரும்போது வளைந்தது. அதே கம்பம். அதே ஏணி. தங்கப்பழம் அதே மடியில் வந்து விழுந்தார்.

"பேரு?" என்று கேட்டார் தங்கப்பழம், பழக்கத்தில்.

"இல்லியேப்பா!" என்று கெக்கலித்துச் சிரித்தார் பேரில்லாதவர்.

தங்கப்பழம் பிரஷ்ஷால் தலையைச் சொறிந்தார். வேலையை அரைகுறையாக விடுகிற ஆளில்லை. கடைசி வரிக்குக் கீழே ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் நிதானமாக எழுதினார்: 'பொன்னுரங்கத்தின் தாத்தா.'

அவர் அதைப் படித்தார். மறுபடியும் படித்தார். பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷம் இந்த ஒரு பேருக்குத்தானே காத்திருந்தார்! "மாலை கொண்டாங்கடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஊர் கூடிவிட்டது.

மாலை வந்தது. ஆனால் அதற்கு முன்னால் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அருணகிரி ஓடி வந்தார். பலகையைப் பார்த்தார். மாலையை எட்டிப் பிடித்தார்.

"யாரைக் கேட்டு இவருக்குப் போடுறீங்க? பொன்னுரங்கத்துக்கு நானும்தான்யா தாத்தா! குடிச்சிட்டு வந்து கம்பத்துல மோதினது நான்தான்!"