வியாழக்கிழமை பிளேடு

குன்னூரில் ஃபெலிக்ஸை இரண்டு வகை ஆட்களுக்குத் தெரியும். அவர் பேக்கரியில் வர்க்கி வாங்க வருகிறவர்கள் ஒரு வகை. அந்தக் காலத்து ரேசர்களைத் தேடிச் சேர்த்து, அவற்றாலேயே முகம் மழித்துக்கொள்ளும் கிறுக்கர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாவது கூட்டத்துக்கு அவர்தான் குரு.

சீடர்களில் மூத்தவர் குழந்தைவேலு. மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருப்பவர். குருவைவிட வயதில் ரொம்பப் பெரியவர். பிடிவாதத்தில் இன்னும் பெரியவர்.

அவரிடம் ஒரு பழைய பெட்டி இருந்தது. உள்ளே ஒரு ரேசர், ஏழு பிளேடுகளுக்கு ஏழு குழி. இப்போது கிடைக்கிற மெல்லிய பிளேடு அல்ல. சவரக் கத்தியில் ஒரு துண்டு வெட்டி எடுத்ததுபோல், முதுகு தடித்து, ஆப்பு மாதிரி முனையில் மெலிந்திருக்கும். தூக்கி எறிய வேண்டியதில்லை, தோல்வாரில் தீட்டித் தீட்டி ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கிழமையின் பெயர். அந்தந்தக் கிழமைக்கு அந்தந்த பிளேடு என்பதைக் குழந்தைவேலு இம்மியும் மீற மாட்டார்.

செவ்வாயும் வெள்ளியும் அவர் வீட்டு வழக்கப்படி சவரம் கிடையாது. வியாழக்கிழமைக் குழி, பெட்டியை வாங்கும்போதே காலி. ஆகவே வியாழனும் கிடையாது.

மகள் மஞ்சரிக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம்.

"ரெண்டு நாள் தாடியோட மேடையில வந்து நிக்கறதுன்னா வராதீங்கப்பா. மாமா தாரை வார்த்துக் குடுக்கட்டும்," என்று அவள் சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குழந்தைவேலுவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழன் காலை பெட்டியோடு முதல் பஸ்ஸில் குன்னூர் ஏறினார். மகள் சொன்னதை ஃபெலிக்ஸிடம் அப்படியே ஒப்பித்தார்.

"சலூனுக்குப் போறதுதானேண்ணா?" என்றார் ஃபெலிக்ஸ்.

"சலூன்காரன் பிளேடுல கிழமை இருக்குதுங்களா மாஸ்டர்? எனக்கு வியாழன் பிளேடு வேணுமுங்க."

ஃபெலிக்ஸ் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். பெட்டி தொலைந்துபோன பிளேடுகள் அதில் கிடந்தன. ஒன்றைப் பொறுக்கி நீட்டினார். முதுகில் வியாழன் என்று இருந்தது.

குழந்தைவேலு அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷம் கேட்டபோதெல்லாம் சிரித்து மழுப்பியவர், இன்று சில்லறை கொடுப்பதுபோல் கொடுக்கிறாரே. ரேசரில் பொருத்திப் பார்த்தார். நுழையவில்லை. திருப்பிப் பார்த்தார். அப்போதும் நுழையவில்லை.

"வேற கம்பெனி. கொஞ்சம் அகலம் ஜாஸ்தி," என்றார் ஃபெலிக்ஸ்.

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களாக்கும்?"

"நீங்க வியாழன்தானே கேட்டீங்க."

குழந்தைவேலுவுக்கு ஒன்றும் புரியவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. ஃபெலிக்ஸ் அவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பிளேடை எடுத்தார்.

"இது என்ன கிழமை?"

"வெள்ளிங்க."

"புத்தம் புதுசா இருக்கே."

"தொட்டதே இல்லீங்க. வெள்ளிக்கிழமை நாங்க சவரம் பண்ண மாட்டோமுங்க."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல எப்படிங்க? அது வெள்ளி பிளேடாச்சுங்களே."

சொல்லி முடித்ததும் அவருக்கே எங்கேயோ இடறியது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. அதற்குள் ஃபெலிக்ஸ் அந்த பிளேடைத் தோல்வாரில் நிதானமாகத் தீட்டினார். ரேசரில் செருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு குவளை வெந்நீரும் சோப்பும் பிரஷும் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னிக்கு வியாழனுங்க மாஸ்டர்."

"ஆமாண்ணா."

"இது வெள்ளிங்க."

"ஆமா."

எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவரிடம் எப்படிச் சண்டை பிடிப்பது? வெள்ளி பிளேடை வியாழனன்று எடுத்தால், வெள்ளிக்கிழமை வழக்கத்தை மீறினதாகுமா, வியாழனை ஏமாற்றினதாகுமா? குழந்தைவேலுவுக்குத் தலை சுற்றியது.

"ஒரு முறைன்னு வச்சிருக்கறனுங்களே. அதையும் விட்டுட்டா அப்புறம் எனக்கு என்னதாங்க மிச்சம்?" பிரஷைத் தொடாமலே கேட்டார்.

ஃபெலிக்ஸ் தோல்வாரைச் சுருட்டி வைத்தார்.

"என்ன கோபத்துல என்ன சொல்லியிருந்தாலும், நாளைக்குத் தாலி ஏறினதும் பாப்பா அழுதுட்டு வந்து உங்க கன்னத்துலதான் கன்னத்தை வைப்பா. முள்ளு குத்தி முகத்தைத் திருப்பிக்கிட்டான்னா, இந்தக் கிழமைக் கணக்கை அப்ப அவகிட்ட சொல்லுங்கண்ணா."