கோபுரத்திலிருந்து தெரிந்த மாடி

மெய்யம்மையின் மடத்தில் சேர்ந்த ஒரு வருடத்துக்குள் வடிவாம்பாள் மூன்று முறை வீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தாள். முதல் முறை, பேரனுக்குக் காய்ச்சலாக இருக்குமோ என்ற நினைப்பு. அடுத்த முறை, பால்காரன் தண்ணீர் கலப்பான் என்ற கவலை. மூன்றாவது முறை எதற்காகப் போனாள் என்று அவளுக்கே நினைவில்லை. இன்னொரு முறை போனால் அவள் பாயை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவதாக மெய்யம்மை சொல்லியிருந்தாள்.

அப்படியும் அன்று காலை மெய்யம்மை முன் போய் நின்றாள். குரு அவளைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் வடிவாம்பாள் அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"அம்மா, மருமகள் மாடியில் மிளகாய் காயப்போட்டிருப்பாள். வானம் பார்க்கத் தெரியாதவள். ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடட்டுமா?"

"பார்க்கத்தானே? வா" என்றாள் மெய்யம்மை.

ஊர் நடுவில் பழைய அரண்மனையின் காவல் கோபுரம் இருந்தது. நகரத்தைப் பார்ப்பதற்கென்று எந்த ராஜாவோ கட்டியது. இப்போது வெளியூர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க ஏறுகிறார்கள். இருநூறு படிகள், சங்குபோலச் சுற்றிச் சுற்றி. இருவருக்கும் முழங்கால் வலி. சாளரத்துக்குச் சாளரம் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். குருவுக்கும் மூச்சு இரைத்ததில் வடிவாம்பாளுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

உச்சியில் நின்றவர்கள் ஆற்றையும் வயலையும் காட்டிக் காட்டிப் பேசினார்கள். அவள் எதையும் பார்க்கவில்லை. வீட்டைத் தேடினாள்.

ஏறி வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொந்த வீட்டைத்தான் தேடுவார்கள் என்று காவல்காரர் இருளப்பன் சிரித்தார். ராஜாவே இங்கே நின்று அரண்மனை ஓடு உடைந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பாராம்.

தென்னைமரம் தெரிந்தது. அதை ஒட்டி ஒரு மாடி. மாடியில் ஒரு பாய் அளவுக்குச் சிவப்பு.

மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. வடிவாம்பாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் பாதிக் கோபுரம்கூட இறங்கியிருக்காது. தூங்குகிறாள், ஊர்க்கதை பேசப் போயிருப்பாள் என்று புலம்பினாள்.

முதல் தூறல் விழுந்தபோது அந்த மாடியில் ஓர் உருவம் ஓடிவந்தது. பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போயிற்று.

"எடுத்துவிட்டாள்" என்று வடிவாம்பாள் தரையில் உட்கார்ந்தாள். கண் நிறைந்துவிட்டது. எத்தனையோ நாளாக இப்படி மூச்சு விட்டதில்லை என்று குருவிடம் சொன்னாள்.

இருளப்பன் அவள் வீடு எந்த வீதி என்று விசாரித்தார். மேற்கு வீதி என்றாள்.

"நீங்க பார்த்தது கிழக்கு வீதிம்மா. படி சுத்தினதுல திசை மாறிப்போச்சு. மேற்கு வீதி அந்தப் பக்கம். கோயில் கோபுரம் மறைச்சிடும், ஒண்ணும் தெரியாது."

அவள் எழுந்து அந்தப் பக்கம் போனாள். அவர் சொன்னது சரிதான். கோயில் கோபுரம்தான் நின்றது. அங்கும் மழை பெய்துகொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தாள்.

"அம்மா, நான் வீட்டுக்குப் போகட்டுமா?"

மெய்யம்மை முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்த வீட்டுக்கு?" என்று கேட்டாள்.