அங்காயி வீட்டுப் பூட்டு

டாக்டர் கதிரொளி மருந்துப் பையை மேசைமேல் தூக்கிப் போட்டார்.

"இன்னிக்கும் பூட்டு தொங்குது சிஸ்டர்! அங்காயியம்மா உள்ளதான் இருக்காங்க. இருமுற சத்தம் தெருவுக்கே கேக்குது. பக்கத்து வீட்டுக்காரிய விட்டு வெளிய பூட்ட வச்சிருக்காங்க."

அந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவர் புதிது. படிப்பு நிறைய, பொறுமை கொஞ்சம். ஊர் வேலையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் செவிலியர் லூர்து மேரி. டாக்டரைவிட நாலு வயது இளையவர். ஆனாலும் குரு குருதான்.

"அவங்க கால்ல சர்க்கரைப் புண்ணு கறுத்துட்டு வருது. இன்னும் பத்து நாள் விட்டா பாதத்தையே எடுக்கணும். வாரத்துக்கு அஞ்சு பேர் வீடு தேடிப் போறோம். இதுக்கு மேல என்னதான் செய்யணும்? அந்தக் கதவை எப்படித்தான் திறக்க வைக்கிறது?"

லூர்து மேரி ஸ்டூலைக் காட்டினார்.

"உக்காருங்க. பேண்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டுங்க."

டாக்டரின் காயமில்லாத காலில் அகலமான பிளாஸ்டர் ஒன்றை அழுத்தி ஒட்டினார். பிறகு நோட்டை எடுத்தார்.

"பேரு? வயசு? எத்தனை வருஷமா சர்க்கரை? காலையில என்ன சாப்பிட்டீங்க? சரி, புண்ணைப் பாக்கலாம்."

சரக்கென்று பிய்த்தார். முடியும் சேர்ந்து வந்தது. புதிதாக ஒன்றை ஒட்டிவிட்டு எழுந்தார்.

அவர் கண்ணைக் காட்ட, அடுத்துத் தன்னார்வலர் செண்பகம் டாக்டருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். "பேரு? வயசு? எத்தனை வருஷமா சர்க்கரை?" பிய்த்தார், ஒட்டினார்.

அதன்பின் பிசியோதெரபிஸ்ட் ஷாகுல். அவரும் பேரில்தான் ஆரம்பித்தார். டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னார். மறுபடி பிளாஸ்டர்.

நாலாவதாக லேப் பரமேஸ்வரி நோட்டைத் திறந்தார். "சார், உங்க பேரு?"

டாக்டர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் உருண்டது.

"போதும்! ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் படிச்சா குறைஞ்சா போயிடுவீங்க? ஒரே கட்டடத்துலதானே உக்காந்திருக்கீங்க? ஆளாளுக்கு வந்து பிரிச்சுப் பாக்க இது என்ன பொருட்காட்சியா?"

டாக்டர் மூச்சு வாங்க நின்றார். சிவந்துபோன காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அங்கயும் இப்படித்தான் பண்றோமா?"

"ஆளுக்கு ஒரு நாள். உங்களையும் சேத்து அஞ்சு தடவை" என்றார் லூர்து மேரி. பிய்த்துப் போட்ட பிளாஸ்டர்களைத் தரையிலிருந்து பொறுக்கினார்.

"உங்களுக்கு இதுக்கு அடியில புண்ணு இல்ல, டாக்டர்."