சிரிப்பு நிற்கும் நாள்

வேற்று மொழி பேசும் மலையூரில் இருந்த அந்த மடத்தில் ஒரு விதி உண்டு. புதிதாகச் சேர்பவர், முதல் பனிக்காலம் முடிவதற்குள், ஊராரின் மொழியில் தாமே பிச்சை கேட்டு வாங்கி வர வேண்டும். முடியாதவர் மலையிறங்கிவிட வேண்டும்.

நாற்பது வயதில் மகளோடு வந்து சேர்ந்த குமுதினிக்கு ஒரு நாளே மிச்சமிருந்தது. இதுவரை ஒவ்வொரு வாசலிலும் ஆறு வயது எழிலிதான் வாயைத் திறந்து கேட்டாள். தாய் பின்னால் நின்று பாத்திரத்தை நீட்டினாள்.

அன்று காலை குமுதினி மூட்டையைக் கட்டிவிட்டுக் குருமாதாவின் முன் வந்து நின்றாள்.

"தாயே, நான் இறங்குகிறேன். காதுக்கு எல்லாம் புரிகிறது, பேச வரவில்லை. எழிலிக்கு மூன்றே மாதத்தில் வந்துவிட்டது. குழந்தையின் நாக்கு பச்சை மண். என்னுடையது சுட்ட ஓடு."

"எழிலி இதுவரை எத்தனை முறை தப்பாகப் பேசியிருப்பாள்?"

"அதை யார் எண்ணினார்கள்? நேற்றுக்கூடப் பால் ஊற்றிய கிழவியை ஆடு என்று கூப்பிட்டாள். தெருவே சிரித்தது. இவளும் சேர்ந்து சிரித்தாள்."

"நீ?"

குமுதினி யோசித்தாள்.

"ஒருமுறைகூடத் தப்பாகப் பேசியதில்லை" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது.

குருமாதா தம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வா."

எழிலியும் பின்னாலேயே ஓடினாள்.

முதல் வீட்டு வாசலில் நின்று குருமாதா கஞ்சி கேட்டார். கதவைத் திறந்தவள் உள்ளே திரும்பி, "எல்லோரும் வாருங்கள், மடத்து அம்மாள் நம் பேச்சைக் கடித்துத் துப்புகிறார்" என்று கூவினாள். வீடே வந்து சிரித்தது. வீட்டுக்காரர் அவரைப் போலவே பேசிக் காட்டினார்.

குருமாதா அதே சொற்களை, முன்னைவிட உரக்க, மறுபடி சொன்னார். பாத்திரம் நிறைந்தது.

தெருவில் இறங்கியதும் குமுதினி கேட்டாள். "தாங்கள் இங்கே வந்து எத்தனை வருடம்?"

"இருபத்தேழு. வரும்போது எனக்கு ஐம்பது வயது."

"இன்னுமா சிரிக்கிறார்கள்?"

"இன்னும்."

அடுத்த வாசலில் குருமாதா ஒதுங்கி நின்றுகொண்டார். குமுதினியின் தொண்டையிலிருந்து நாலு சொற்கள் நொண்டிக்கொண்டு வந்தன. உள்ளே சிரிப்பு வெடித்தது. உதவ முந்திய மகளின் வாயைக் குமுதினி கையால் பொத்தினாள். பாத்திரத்தைத் தாழ்த்தாமல் மறுபடி கேட்டாள்.

கஞ்சி விழுந்தது.

திரும்பும் வழியெல்லாம் அவளுக்குக் காது மடல் கொதித்தது.

"எப்போதுதான் இவர்கள் சிரிப்பதை நிறுத்துவார்கள், தாயே?"

"நான் பேசுவதை நிறுத்தும் அன்று" என்றார் குருமாதா. "எனக்கு அந்த உத்தேசம் இல்லை."